ரெஃபரன்ஸ் அக்காவும் செஞ்சிக் குதிரைகளும்

வேலை கொடுக்க வந்தவரைத் தலைதெறிக்க ஓட வைத்துவிட்டு, ‘அப்பாடா, போனான்’ என்று நிம்மதியாக டீ குடித்த ஒரே ஆளை நான் பார்த்திருக்கிறேன். அவர் செஞ்சியில் இருக்கிறார். ஆர்டர் எடுத்துப் படம் வரைந்து தருவது தொழில். பெயர் எனக்குப் பல வருஷம் தெரியாது. ஊரிலும் யாருக்கும் தெரியாது. ‘ரெஃபரன்ஸ் அக்கா’ என்று கேட்டால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலிருந்து தாலுகா ஆபீஸ் வாட்ச்மேன் வரை வழி சொல்வார்கள். சிலர் வழியோடு சேர்த்து, “பாத்துப் போங்க, காதைப் புடிச்சு அளந்துடும்” என்று எச்சரித்தும் அனுப்புவார்கள்.

நான் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பட்டா, சிட்டா, ஆதார், ஜாதிச் சான்றிதழ் என்று மனிதர்களைக் காகிதமாகவே பார்த்துப் பழகியவன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சொல்வார்கள். வாஸ்தவம்தான். ‘ரெண்டு பக்கமும் எடுக்கணுமா?’ என்று கேட்டால், ‘எந்த ரெண்டு பக்கம்?’ என்று திருப்பிக் கேட்கிறவர்களோடு நீங்களும் பதினோரு வருஷம் குப்பை கொட்டிப் பாருங்கள், தெரியும்.

அப்படிப்பட்ட ஒரு திங்கட்கிழமை, கடையில் எட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கையில், கழுத்தில் டெய்லர் டேப் தொங்க, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் உள்ளே புகுந்து பென் டிரைவை நீட்டினார்.

“தம்பி, இதுல மூக்கு இருக்குது. பிரிண்ட் எடு.”

“இன்னாது?”

“மூக்கு. மொத்தம் நாப்பது. கலர்ல வேணாம்.”

திறந்து பார்த்தேன். நாற்பதும் மூக்குதான். கண் இல்லை, வாய் இல்லை. அவலூர்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்று, இறந்துபோன பெரியவரின் படத்தை வரைந்து தரச் சொல்லியிருந்ததாம். இருந்த ஒரே போட்டோ வாக்காளர் அட்டையில் இருந்தது. அதில் பெரியவரின் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புத் திட்டுதான் இருந்தது. வேறு யாராக இருந்தாலும் குத்துமதிப்பாக ஒரு மூக்கை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவரோ பெரியவரின் அண்ணன், தம்பி, பிள்ளை, பேரன், ஒன்றுவிட்ட அத்தை உட்பட நாற்பது பேரின் மூக்கைப் படம் பிடித்து வந்துவிட்டார். “ரெஃபரன்ஸ் இல்லாம ஒரு கோடு போட மாட்டேன்” என்றார். பட்டப்பெயர் அன்றைக்கே என் கடையில் வைத்து ஒட்டிக்கொண்டது. ஒட்டியது நான்தான்.

படம் முடிந்ததும் பெரியவரின் சம்சாரம் வெகுநேரம் பார்த்தாராம். “மூக்கு அவருதுதான். ஆனா இப்டி வாயை மூடிக்கினு ஒரு நாள் இருந்ததில்லயே” என்று சொன்னாராம். அக்கா மறுபேச்சில்லாமல் படத்தைத் திரும்ப எடுத்து வந்து வாயைத் திறந்து கொடுத்தார்.

அவரிடம் ஆர்டர் கொடுப்பது என்பது பாஸ்போர்ட் எடுப்பதைவிடக் கஷ்டம். நாலு பக்கத்துக்கு ஒரு படிவம் வைத்திருந்தார். என் கடையில்தான் நகல் எடுப்பார். படத்தை எந்தச் சுவரில் மாட்டுவீர்கள்? அந்தச் சுவரில் வெயில் படுமா? எதிரில் டி.வி. இருக்கிறதா? படத்தில் இருப்பவர் சாப்பிட்ட பிறகு எப்படி உட்காருவார்? கோபம் வந்தால் எந்தப் புருவம் முதலில் ஏறும்? கடைசிப் பக்கத்தில் திருத்தங்கள் பற்றி ஒரு விதி. மூன்று முறை திருத்தித் தருவார். நாலாவது முறை வாடிக்கையாளரே திருத்திக்கொள்ள வேண்டும். பென்சில் தரப்படும்.

விளையாட்டில்லை, நிஜமாகவே தருவார். ரைஸ்மில்காரர் ஒருவர் தன் படத்தில் மீசை சரியில்லை என்று நாலாவது தடவை வந்தபோது, பென்சிலைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிட்டார். அவர் மூன்று மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க வரைந்து மீசையைக் காதுவரை கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு எந்த ஓவியரைப் பற்றியும் அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்ததில்லை.

என்னையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் கல்லாவுக்குப் பின்னால் அசந்து உட்கார்ந்திருந்தபோது, எதிரில் சரசரவென்று சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால் அக்கா நோட்டில் வரைந்துகொண்டிருக்கிறார்.

“இன்னாக்கா பண்ற?”

“மூச்சை இழுத்துப் புடிக்காத தம்பி. இயற்கையா இருக்கட்டும்.”

செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் சுவரில் எழுந்தருளியிருக்கும் மூன்று பிள்ளையார்களுக்கு என் தொந்திதான். விசேஷ நாட்களில் ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். என் மனைவி மட்டும் அந்தப் பக்கம் போனால் கும்பிட மாட்டாள்.

இவ்வளவு கிறுக்கிலும் ஒரு நல்ல கிறுக்கு இருந்தது. படம் வரையக் கற்றுக்கொள்ள எங்கே என்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தயாரித்து, என் கடைச் சுவரில் ஒட்டி, கேட்டவருக்கெல்லாம் நகல் கொடுக்கச் சொல்லியிருந்தார். பழைய ஓவியங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளும் இணையதளங்கள் எவை, பொறுமையாகச் சொல்லித்தரும் வீடியோக்கள் எவை, வளவளவென்று பேசியே பொழுதைக் கழிக்கும் வீடியோக்கள் எவை என்று தனித்தனியாக இருக்கும். நூலகத்தில் எலும்பு, தசைப் படங்கள் உள்ள புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது, அதை நர்சிங் படிக்கிற பெண்கள் எடுத்துப்போனால் எந்தக் கிழமை திரும்ப வரும் என்பதும் இருக்கும். அதோடு நிற்காது. மண்டையின் வடிவம் தெரிய பஜார் சலூனில் மொட்டை போடும் நேரம் போகவும். கை வேகத்துக்கு பஸ் ஸ்டாண்டு, காலை எட்டு மணி. யாரும் உங்களுக்காக நிற்க மாட்டார்கள். கூட்டம் வரைய அமாவாசைக்கு மேல்மலையனூர். உடம்பின் கனம் எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்க்க சீயமங்கலம் குகைக் கோயில் தூணில் உள்ள சிற்பங்கள். வெளிச்சமும் நிழலும் பழக, கோட்டைக் களஞ்சியத்தின் உட்புறம்.

ஊரில் போர்டு எழுதுகிறவர்கள், பள்ளி டிராயிங் மாஸ்டர், மருதாணி போடும் பெண்கள் எல்லாரும் வாங்கிப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

“ஏன்க்கா, தொழில் ரகசியத்தை இப்டி செவுத்துல ஒட்டிவெச்சா நாளைக்கு உனக்கு எவன் ஆர்டர் குடுப்பான்?”

“எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்கும் தெரிஞ்சாதானே, நான் தப்பு பண்ணா சொல்ல ஆள் இருக்கும்?” என்றார்.

இவ்வளவு செய்கிற மனுஷி எந்தப் படத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. கேட்டால், “இன்னும் சரியா வரல தம்பி. வந்ததும் போட்டுக்கலாம்” என்பார். இருபது வருஷமாக வரைகிறவர் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

போன வருஷம் திண்டிவனம் ரோட்டில் ஒரு புதுக் கல்யாண மண்டபம் எழும்பியது. மண்டபத்துக்காரர் நுழைவாயில் சுவரில் பன்னிரண்டடி உயரத்துக்கு, கோட்டை பின்னணியில் ஒரு ராஜா குதிரையில் பாய்ந்து வருகிற மாதிரி படம் கேட்டார். நாலு பக்கப் படிவத்தையும் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தார். செஞ்சி சரித்திரத்தில் அது முதல் தடவை. அக்கா கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ கல்யாணம் நிச்சயமானது போலச் சொன்னார்.

“தம்பி, இதுல பேர் போடப் போறேன்.”

“நெஜமாவா?”

“ஆமா. ஸ்கெட்ச்சுல வலது பக்கம் கீழ எடம் விட்டுவெச்சிருக்கேன். எங்க நைனா வெச்ச பேரு. ஒரு செவுத்துலயாவது இருக்கட்டுமே.”

அவர் முகத்தை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் பள்ளிக்கூடப் பெண் மாதிரி வெட்கப்பட்டார். எனக்கும் சந்தோஷமாகிவிட்டது. அன்றைக்கு வந்த ஒரு ஆள் மூன்று தடவை தவறான தாளைக் கொடுத்தும் நான் கத்தவில்லை.

இரண்டு மாதம் வேலை நடந்தது. ராஜாவின் தோளுக்கு மூட்டை தூக்குகிறவர் ஒருவரைப் பிடித்தார். தலைப்பாகை மடிப்புக்கு என் கடை வாசலில் பத்துப் பேருக்குத் துண்டு கட்டிப் பார்த்தார். படத்தில் குதிரை பாய்ச்சலில் வந்தது. பார்த்தால் மேலே ஏறிவிடுமோ என்று ஒதுங்கத் தோன்றும். மண்டபத்தில் முதல் விசேஷமே முதலாளி மகளின் வரவேற்பு. அன்று மாலை மேடையில் கொத்தனார், எலெக்ட்ரீஷியன், ஓவியர் எல்லாருக்கும் சால்வை போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் சுவரில் பெயர் எழுதிவிடுவது என்று அக்கா காத்திருந்தார்.

அன்று மதியம் மூன்று மணிக்கு போன் வந்தது. “தம்பி, வண்டி எடுத்துக்கினு உடனே வா.”

போனேன். இப்போதெல்லாம் மாப்பிள்ளை குதிரையில் வருவது ஃபேஷன் ஆகிவிட்டது இல்லையா? பாண்டிச்சேரியிலிருந்து வேனில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து இறங்கியிருந்தது. அதன் முன்னங்காலுக்குப் பக்கத்தில் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் நோட்டு, ஆனால் வரையவில்லை.

“காலைப் பாரு.”

பார்த்தேன். “நல்லாதான் இருக்குது.”

“பொளவு இல்ல தம்பி. குளம்பு ஒண்ணா இருக்குது. முழுசா.”

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். ராஜாவின் குதிரைக்கு நாலு காலிலும் குளம்பு நடுவில் அழகாகப் பிளந்திருந்தது. ஒவ்வொரு நரம்பும் தெரிய, நல்ல உழவு மாட்டின் கால்.

குதிரைக்காரர் பீடியை எடுத்துவிட்டுச் சிரித்தார். “ஊருக்குள்ள வர்றப்பவே பாத்தேன்மா. லாட்ஜ் போர்டு, பரோட்டா கடை, சிமெண்ட் கடை, எல்லா குதிரைக்கும் மாட்டுக் காலு. எங்க ஊர்ல சொன்னா நம்ப மாட்டானுங்க.”

அக்கா சட்டென்று எழுந்தார். “எல்லாத்துலயுமா?”

என் வண்டியில் ஏறிக்கொண்டார். ஊரைச் சுற்றினோம். கோட்டை இருக்கும் ஊர் என்பதால் செஞ்சியில் எதற்கெடுத்தாலும் போர்டில் குதிரைதான். டயர் கடைக்கும் குதிரை, டுடோரியல் சென்டருக்கும் குதிரை. ஆனால் உயிருள்ள குதிரை ஒன்றுகூடக் கிடையாது. அன்றுவரை அதை நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொரு போர்டாக இறங்கிப் பார்த்தோம். பழைய போர்டுகளில் கால் ஏதோ கறுப்பு உருண்டையாக முடிந்திருந்தது. புதிதாக எழுதியவை அத்தனையும் கச்சிதமான மாட்டுக் குளம்பு. சிமெண்ட் கடையில் ஏணி மேல் நின்று எழுதிக்கொண்டிருந்த பெயிண்டரிடம் அக்கா கேட்டார்.

“இந்தக் காலை எங்கப்பா பாத்த?”

“உங்க லிஸ்ட்லதான்க்கா. பதினேழாவது. ‘குதிரைக் கால்: உழவு மாட்டைப் பார்க்கவும்’னு போட்டிருக்கீங்களே. ஒரு வாரம் மாட்டுக் கொட்டாய்ல உக்காந்து பழகினேன்” என்றார் அவர், பாராட்டை எதிர்பார்த்து.

நான் ஏணிப் பக்கம் பார்க்காமல் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். ஏனென்றால் பதினேழாவதின் கதை எனக்குத் தெரியும். பட்டியல் தயாரானபோது அக்கா என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். “குதிரைக்கு உயிரோட ரெஃபரன்ஸ் கெடைக்கல தம்பி. போட்டோல எல்லாம் கால் புல்லுக்குள்ள பொதைஞ்சு கெடக்குது” என்று புலம்பினார். எனக்கோ கடையில் கூட்டம். “குதிரையோ மாடோ, காலு காலுதான்க்கா. எதிர் வூட்டு மாட்டைப் பாத்துக்கோ” என்று சொன்னவன் சாட்சாத் நான். அத்தனை பேர் மூக்கையும் நேரில் பார்த்துச் சரிபார்த்த மனுஷி, என் வார்த்தையை மட்டும் அப்படியே நம்பி எழுதிக்கொண்டார்.

மண்டபத்துக்குத் திரும்பினோம். அக்கா முதலாளியிடம் போய், நாலு காலையும் இப்போதே மாற்றிவிடுகிறேன் என்றார்.

“விளையாடறியாம்மா? அஞ்சரைக்கு ஜனம் வரும். பட்டுப் புடவையெல்லாம் ஈரப் பெயிண்ட்ல ஒட்டிக்கும். குதிரை காலை எவன் பாக்கப் போறான்? வர்றவன் சாப்பாட்டைத்தான் பாப்பான். போய்ப் பேரை எழுதிட்டு மேடைக்கு வா.”

பெயர் எழுதுவதற்கென்றே வாங்கிய புது பிரஷ் கைப்பையில் இருந்தது. அக்கா சுவர் முன்னால் போய் நின்றார். வலது பக்கக் கீழ் மூலையைப் பார்த்தார். பிறகு பையை மூடிவிட்டார். ‘நான் சொன்னதால் வந்த வினை’ என்று அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டிருக்கலாம். ஊருக்கெல்லாம் கோபப்படத் தெரிந்த எனக்கு அது மட்டும் வாயில் வரவில்லை.

மாலையில் மேடையில் சால்வை போட்டார்கள். கொத்தனார் கும்பிட்டுவிட்டு இறங்கினார். எலெக்ட்ரீஷியன் இறங்கினார். அக்கா இறங்கவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டார்.

“எல்லாருக்கும் வணக்கம். வாசல்ல இருக்கிற குதிரைக்குக் கால் தப்பு. அது மாட்டுக் கால். நம்ம ஊர் போர்டுல இருக்கிற குதிரைங்களுக்கும் தப்பு. நான் எழுதின லிஸ்ட்டைப் பாத்துதான் போட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. நான்தான் தப்பா எழுதினேன்.”

நான் நாலாவது வரிசையில் இருந்தேன். அவர் என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து வெளியே பேண்டு சத்தம். மாப்பிள்ளை குதிரையில் வந்துகொண்டிருந்தார்.

“குதிரை வந்துடுச்சு. பெயிண்டருங்க யார் யார் இருக்கீங்களோ, பேப்பர் எடுத்துக்கினு வாங்க. இந்த மாதிரி ரெஃபரன்ஸ் திரும்பக் கெடைக்காது” என்று சொல்லிவிட்டு மைக்கை வைத்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். சாப்பிட வந்திருந்த போர்டு பெயிண்டர்கள் ஏழு பேரும், டிராயிங் மாஸ்டரும், மருதாணிப் பெண்களும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை இறங்கக் காலைத் தூக்கினார். அக்கா கையைக் காட்டித் தடுத்தார்.

“மாப்ள, ஒரு பத்து நிமிஷம். நீங்க எறங்குனா குதிரை கால் மாத்தி வெச்சுடும்.”

மாலை கழுத்தை அறுக்க, கூலிங் கிளாஸோடு மாப்பிள்ளை சிலையாக உட்கார்ந்திருந்தார். பேண்டுக்காரர்கள் எத்தனை தடவைதான் ஒரே பாட்டை வாசிப்பார்கள்? நிறுத்திவிட்டு அவர்களும் வந்து குனிந்து பார்த்தார்கள். குதிரைக்காரர் பெரிய வாத்தியார் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கிக் காட்டினார். வாசலுக்கு மாலையோடு வந்த மணப்பெண், மாலையைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு, தனக்கும் ஒரு பேப்பர் கேட்டாள். முதலாளி மட்டும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, “நெய் ரோஸ்ட்டு ஆறிப்போவுது, நெய் ரோஸ்ட்டு ஆறிப்போவுது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாளே அக்கா மண்டபக் குதிரையின் காலை மாற்றினார். பிறகு ஒரு மாதம், ஒவ்வொரு போர்டாக, அதை எழுதிய பெயிண்டரையும் கூட்டிக்கொண்டு போய்த் திருத்தினார். பரோட்டா கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் குதிரை வந்த பிறகுதான் வியாபாரம் சூடு பிடித்ததாம், காலைத் தொட்டால் ராசி போய்விடுமாம். அக்கா அரைமணி வாதாடிப் பார்த்துவிட்டு, குளம்பு மறையும் அளவுக்குப் புல் வரைந்துவிட்டு வந்தார். மண்டபத்துக்காரரும் கோபம் தணிந்து, “பேரைப் போட்டுட்டுப் போம்மா” என்று ஆள் அனுப்பினார். அக்கா போகவில்லை.

எல்லாம் முடிந்த ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, புதிதாக எழுதிய பட்டியலை என் முன்னால் வைத்தார். பதினேழாவதில் குதிரைக்காரரின் ஊர் இருந்தது. முன்கூட்டிச் சொன்னால் குதிரையைக் காட்டுவார் என்று எழுதியிருந்தது.

“அக்கா, அந்த மாட்டு யோசனை நான் சொன்னது” என்றேன். ஒரு மாதமாகத் தொண்டையில் நின்றது ஒருவழியாக வெளியே வந்தது.

“தெரியும்.”

“அப்போ மேடைல ஏன் சொல்லல?”

“நீ ஜெராக்ஸ் கடைக்காரன். ஆயிரம் சொல்லுவ. பாக்காம எழுதினது யாரு?”

முகத்தைக் காட்டாமல் மிஷின் பக்கம் திரும்பித் தாளைக் கண்ணாடியில் வைத்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். ‘இதில் தவறு இருந்தால் வந்து சொல்லவும்’ என்று ஒரு வரி. அதற்கு அடியில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டு, அவருடைய பெயர்.

“அக்கா, பேர் போட்டுட்ட.”

“பின்ன? திட்டறதுக்கு யாரைத் தேடி வரணும்னு தெரிய வேணாமா?” என்றார்.

நூறு நகல் எடுத்தேன். ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. சாயங்காலம் கடையை மூடும்போது ஒன்றை மடிக்காமல் வீட்டுக்கு எடுத்துப் போனேன். சுவரில் ஒட்டுவதைப் பார்த்து மனைவி கேட்டாள்.

“இன்னாது அது?”

“எங்க அக்கா எழுதினது” என்றேன்.